வாடகை வீட்டை விட்டால் வேனா, படகா?

லண்டனில் ஓர் அறைக்கு மட்டும் மாதம் ஆயிரம் பவுண்டை நெருங்கும் வாடகை கேட்கிறார்கள். ஈலிங் ரோட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு ஆல்பர்ட்டன் ஸ்டேஷனைத் தாண்டி நடந்தால், பாலத்துக்குக் கீழே கிராண்ட் யூனியன் கால்வாயில் நீளநீளமான இரும்புப் படகுகள் கட்டிக் கிடக்கும். கூரையில் விறகும் சைக்கிளும், சின்னப் புகைபோக்கியில் புகையும் தெரியும். கொஞ்ச தூரம் தள்ளி ஏதாவதொரு தெருவில், ஜன்னலை உள்பக்கம் மறைத்த வெள்ளை வேன் ஒன்று நிற்கும். அதிலும் ஆள் குடியிருக்கிறார். படிக்க வந்து வேலையில் சேர்ந்து, சம்பளத்தில் பாதியை வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு இதைப் பார்த்ததும் ஒரு கேள்வி எழும்: நாமும் இப்படிப் போய்விட்டால் என்ன? போவதானால் எதில் போவது?

இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் உள்ளே எவ்வளவு இடம், விலை எவ்வளவு என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது வேறு. ராத்திரி எங்கே நிற்பது? வேனுக்கு ஓட நாடு முழுக்க ரோடு இருக்கிறது, உரிமையோடு நிற்கத்தான் இடமில்லை. படகுக்கு நிற்பதற்குச் சட்டமே இடம் தருகிறது, ஆனால் அது போகும் வேகம் மணிக்கு 4 மைல். உங்கள் வேலை, உடம்பு, விசா மூன்றும் இந்த இரண்டில் எதைத் தாங்கும் என்று பார்த்துவிட்டால், மீதியெல்லாம் தச்சு வேலையும் ஒயரிங் வேலையும்தான்.

நிற்கும் இடம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,000 மைல் நீர்வழிகளைப் பராமரிப்பது கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட். 2012 ஜூலையில் அரசு அமைப்பான பிரிட்டிஷ் வாட்டர்வேஸிடமிருந்து பொறுப்பேற்ற அறக்கட்டளை அது. அதனிடம் ஆண்டு லைசென்ஸ் வாங்கினால், சொந்தத் துறை (படகை நிரந்தரமாகக் கட்டிவைக்கும் இடம்) இல்லாமலே கால்வாயில் குடியிருக்கலாம். 1995-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம் வைக்கும் நிபந்தனை இதுதான்: படகு உண்மையாகவே பயணத்தில் இருக்க வேண்டும், ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. அந்த 14 நாளும் உங்களை யாரும் கதவைத் தட்டி எழுப்பமாட்டார்கள். கரையில் இரும்பு முளை அடித்து, கயிறு கட்டி, நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆனால் 14 நாள் கழித்து நூறு மீட்டர் நகர்ந்து, மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிடுவது செல்லாது. படகின் எண்ணைக் கரையோரம் நடந்து குறித்துக்கொள்ளும் ஊழியர்கள் இருக்கிறார்கள். ஆண்டு முழுவதிலும் 15, 20 மைல் தூரத்துக்குள்ளேயே சுற்றுகிறவரின் படகைப் பயணத்தில் இருப்பதாக ஏற்பது கடினம் என்பது டிரஸ்டின் நிலை. லைசென்ஸ் புதுப்பிக்கும்போது ஓராண்டுக்குப் பதில் ஆறு மாதம் மட்டும் தருவார்கள். அதையும் மீறினால் லைசென்ஸே போய், கடைசியில் படகையே எடுத்துச் செல்லும் அதிகாரமும் அவர்களுக்கு இருக்கிறது.

வெம்ப்ளியில் வேலை செய்கிறவருக்கு இது நடைமுறையில் எப்படி இருக்கும்? இரண்டு வாரம் ஆல்பர்ட்டனில். அடுத்து கென்சல் கிரீன். பிறகு லிட்டில் வெனிஸ் பக்கம். அங்கே சில துறைகளில் 14 நாள்கூடக் கிடையாது, ஏழு நாள்தான். அப்புறம் ரீஜென்ட்ஸ் கால்வாயில் கேம்டன், ஹாக்னி. அதற்கடுத்து லீ ஆற்றில் வடக்கே. திரும்பி வந்தபின் மேற்கே ஹேஸ், அக்ஸ்பிரிட்ஜ். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆபீஸ் போகும் வழி மாறும். ஒரு மாதம் நடந்தே போவீர்கள், இன்னொரு மாதம் ஒன்றேகால் மணி நேர ரயில். அக்ஸ்பிரிட்ஜ் அருகே கவ்லி லாக் (தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் மதகுத் தொட்டி) வரைக்கும் மேற்குப் பக்கம் லாக் எதுவும் இல்லை என்பது புதிதாக வருகிறவருக்குப் பெரிய சௌகரியம். ஹேஸ் அருகேயுள்ள புல்ஸ் பிரிட்ஜிலிருந்து லிட்டில் வெனிஸ் வரையுள்ள கிராண்ட் யூனியனின் பாடிங்டன் கிளை மட்டும் பதின்மூன்றரை மைல். 1801-இல் திறந்த கால்வாய் அது. ஒரு பகல் முழுக்க நிதானமாக ஓட்டிப் பழக அதைவிட நல்ல இடம் லண்டனில் இல்லை.

வேனுக்கு வருவோம். பொது ரோட்டில், பார்க்கிங் அனுமதி உள்ள இடத்தில் நிறுத்திய வண்டிக்குள் தூங்குவது அதனளவில் குற்றமில்லை. ஆனால் அந்த 'அனுமதி உள்ள இடம்' லண்டனில் எங்கே இருக்கிறது? உள்நகரத் தெருக்களில் பெரும்பாலானவை குடியிருப்போருக்கான பெர்மிட் பகுதிகள். பெர்மிட் வேண்டுமென்றால் அந்தத் தெருவில் முகவரி வேண்டும், அது இல்லாததால்தானே வேனுக்கே வந்தீர்கள். கார் பார்க்குகளில் பல, வாசலில் இரண்டு மீட்டர் சொச்ச உயரத்தில் ஒரு கம்பி வைத்திருக்கின்றன. நிமிர்ந்து நிற்கக்கூடிய வேன் இரண்டரை மீட்டர் உயரம், உள்ளே நுழையாது. கடற்கரை ஊர்களில் இரவு நிறுத்தத் தடை போர்டுகள் வருஷத்துக்கு வருஷம் கூடுகின்றன. ரோட்டிலிருந்து விலகி காட்டிலோ பொதுப் புல்வெளியிலோ அனுமதியில்லாமல் ஓட்டிச் செல்வது 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். வேனில் குடியிருப்போர் அதிகமுள்ள ஊர் பிரிஸ்டல். அங்கே டவுன்ஸ் புல்வெளி ஓரம் நின்ற வேன்களைப் பற்றி அக்கம்பக்கத்தாருக்கும் வேன்காரர்களுக்கும் நடந்த தகராறு ஆண்டுக்கணக்கில் நீண்டது.

இன்னொன்று. பார்ட்டியில் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு வந்து உங்கள் வேனில் நீங்கள் படுத்தாலும், சாவி கையில் இருந்தால், 'வண்டிக்குப் பொறுப்பாளராகப் போதையில் இருந்தார்' என்ற வழக்கு வரலாம். ஓட்டும் வாய்ப்பே இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான்.

வேனுக்காக ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டும். இடம் சரியில்லை, வெளியே யாரோ கதவைப் பிடித்து ஆட்டுகிறார்கள் என்றால், கட்டிலிலிருந்து இறங்கி, வெளியே காலே வைக்காமல் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கிளம்பிவிடலாம். தனியாக இருக்கும் பெண்கள் பலர் வேனைத் தேர்ந்தெடுக்க இதுவே முதல் காரணம். படகில் இது முடியாது. இருட்டில் கரையில் இறங்கி, முளையைப் பிடுங்கி, கயிறு அவிழ்த்துத்தான் நகர வேண்டும். பதிலுக்கு முன்னும் பின்னும் கட்டியிருக்கும் படகுக்காரர்கள் இருக்கிறார்கள், குரல் கொடுத்தால் டார்ச்சோடு வருவார்கள்.

குளிர்காலமும் ஓதமும் நம் சமையலும்

ஜூன் மாதத்து வீடியோக்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டிசம்பரில் லண்டனில் பகல் எட்டு மணி நேரம்கூட முழுதாக இல்லை. நண்பகலிலேயே சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரம்தான் எழும். சோலார் பேனல் தரும் மின்சாரம் போனுக்கும் விளக்குக்கும் சரியாக இருக்கும், அவ்வளவே. படகில் அப்போது இன்ஜினை ஓட்டி பேட்டரி ஏற்றலாம், ஆனால் காலை எட்டு மணிக்கு முன்னும் இரவு எட்டு மணிக்குப் பின்னும் ஓட்டக் கூடாது என்பது லைசென்ஸ் விதி. வேனில் வேலைக்குப் போய்வரும் ஓட்டத்திலேயே பேட்டரி ஏறிவிடும்.

வெப்பத்தில் படகு பல மடங்கு மேல். நடுவில் ஒரு இரும்பு அடுப்பு, புகையில்லா நிலக்கரி, வாரத்துக்கு ஒன்றிரண்டு மூட்டை. இரவில் காற்றுத் துளையைக் குறைத்து வைத்தால் விடியும்வரை கங்கு அணையாது. நிலக்கரியையும் டீசலையும் கேஸ் சிலிண்டரையும் ஏற்றிக்கொண்டு விற்பனைப் படகுகளே வாசலுக்கு வரும். வேனில் டீசல் ஹீட்டர் வைப்பார்கள். அதுவும் நன்றாகவே சூடாக்கும், ஆனால் அணைத்த கொஞ்ச நேரத்தில் தகரம் குளிர்ந்துவிடும்.

குளிரைவிடப் பெரிய எதிரி ஓதம். ஒருவர் ராத்திரி முழுக்க மூச்சுவிட்டாலே ஒரு டம்ளர் தண்ணீர் காற்றில் சேரும். ஒரு கிலோ புரோபேன் கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். இதோடு நம் சமையல். சோறு வடித்து, பருப்புக்கு நாலு விசில் விட்டு, கடுகு தாளித்து ரசமும் வைத்தால், வேனுக்குள் கால் மணி நேரத்தில் கூரைத் தகரம் வியர்க்கும். காலையில் ஜன்னல் ரப்பர் ஓரம் தண்ணீர் கோத்து நிற்கும். மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பலகை நனைந்திருக்கும். ஒரு மாதத்தில் அங்கே கறுப்புப் பூஞ்சை. கூரையில் காற்றாடி, மெத்தைக்கடியில் காற்று போக இடைவெளி, தகரத்தோடு ஒட்டிய நல்ல இன்சுலேஷன் மூன்றும் இல்லாத வேனை வாங்காதீர்கள். படகிலும் ஓதம் உண்டு. ஆனால் எரியும் அடுப்பு காற்றை இழுத்துப் புகைபோக்கி வழியே வெளியேற்றிக்கொண்டே இருப்பதால் உள்ளே உலர்ந்திருக்கும். குக்கர் வைத்துச் சமைத்து நாலு பேரை உட்காரவைத்துச் சோறு போடவேண்டும் என்று நினைக்கிறவர், வேன் பக்கமே போக வேண்டாம் என்பேன்.

தண்ணீர்த் தொட்டி படகில் 500 லிட்டர் அளவுக்குப் போகும், வேனில் 70 முதல் 100 லிட்டர். வேனில் குளியல் பெரும்பாலும் ஜிம்மில்தான். கழிவறை விஷயத்தில் பெரும்பாலும் இரண்டும் ஒன்று: கேசட்டை (கழிவு சேரும் பெட்டியை) நீங்களே தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும். படகுக்காரருக்கு அதற்கென்று கால்வாயோரம் டிரஸ்ட் வைத்த இடங்கள் உண்டு, லைசென்ஸ் கட்டணத்திலேயே அடக்கம். வேன்காரர் கேம்ப் சைட்டைத் தேடிப் போகவேண்டும்.

காசு

நல்ல நிலையிலுள்ள பழைய வேனும் அதற்குள் கட்டில், அடுப்பு, மின்சார வேலையும் சேர்த்து இருபதாயிரம் பவுண்டுக்குள் முடித்துவிடலாம். குடியிருக்கத் தகுந்த 57 அடி நேரோபோட் என்னும் ஒல்லிப் படகுக்கு ஐம்பதாயிரத்துக்குக் குறைந்து யாராவது சொன்னால், ஏன் என்று விசாரியுங்கள். வீட்டுக்கடன் படகுக்குக் கிடைக்காது. படகுக்கென்று தருகிற கடனுக்கு வட்டி கூடுதல், தவணைக்காலம் குறைவு.

ஆண்டுச் செலவில் படகுக்கு லைசென்ஸ் ஆயிரம் பவுண்டுக்கு மேல், நீளத்தையும் அகலத்தையும் பொறுத்து ஏறும். சொந்தத் துறை இல்லாதவர்களுக்கு 2024 ஏப்ரலிலிருந்து கூடுதல் கட்டணம் வந்திருக்கிறது. 5 விழுக்காட்டில் தொடங்கி 2028-இல் 25 விழுக்காட்டை எட்டும். மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ். இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை தண்ணீரிலிருந்து வெளியே எடுத்து அடிப்பாகத்துக்குக் கறுப்புத் தார் பூச்சு. அலைந்து திரிய வேண்டாம், நிலையான குடியிருப்புத் துறை வேண்டும் என்றால் லண்டனில் அதுவே பல ஆயிரம் பவுண்டு. கவுன்சில் வரியும் சேரலாம். சும்மா நிறுத்திவைக்க மட்டும் அனுமதிக்கும் துறைகளில் குடியிருக்க முடியாது, விளம்பரத்தில் 'ரெசிடென்ஷியல்' (குடியிருப்பு) என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள்.

வேனுக்கு எம்ஓடி (வண்டி ரோட்டுக்குத் தகுதியா என்று பார்க்கும் ஆண்டுச் சோதனை), ரோடு வரி, காப்பீடு. லண்டன் முழுவதும் 2023 ஆகஸ்ட் 29 முதல் யூலெஸ் பகுதி, அதாவது புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் பகுதி. யூரோ 6 தரத்துக்குக் குறைந்த டீசல் வேனை ஓட்டினால் நாளொன்றுக்கு பன்னிரண்டரை பவுண்டு. 2016 செப்டம்பருக்கு முந்திய டீசல் வேன் மலிவாகக் கிடைக்கிறது என்றால் காரணம் இதுதான். குடியிருப்பதை மறைத்துச் சாதாரண வேன் காப்பீடு எடுக்காதீர்கள், விபத்து நடந்தால் உங்களுக்கு ஒரு பைசா வராமல் போகலாம்.

லைசென்ஸ் கதையும் இருக்கிறது. இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமத்தை வைத்து இங்கே குடிவந்த நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம், பிறகு இங்கத்திய தேர்வை எழுதி ஓட்டிக்காட்டித்தான் ஆக வேண்டும். தேர்வில் தேறினாலும் சாதாரண உரிமம் 3,500 கிலோ வரைக்கும்தான். பலகை, பேட்டரி, தண்ணீர், இரண்டு ஆள் என்று சேர்ந்தால் அந்த எடை சீக்கிரம் நிரம்பிவிடும். கால்வாயில் சொந்தப் படகை ஓட்ட எந்த ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை.

வாங்குமுன்

இந்த இடத்தில்தான் படகு வாங்குகிறவர் அதிகம் ஏமாறுகிறார். வேனின் பதிவு எண்ணை அரசு இணையதளத்தில் போட்டால், அதன் எம்ஓடி வரலாறு முழுக்க இலவசமாக வரும். எந்த ஆண்டில் எந்த மூலையில் துரு என்று எழுதிவைத்தார்கள் என்பதுவரை தெரிந்துவிடும். படகுக்கு அப்படி ஒரு பொதுப் பதிவேடு இல்லை. உள்ளே புது வர்ணமும் ஓக் பலகையுமாக மின்னும், கேடு தண்ணீருக்குக் கீழே இருக்கும்.

நேரோபோட் கட்டும்போது அடித்தகடு 10 மி.மீ., பக்கத் தகடு 6 மி.மீ., கேபின் 4 மி.மீ. என்பது பரவலான கணக்கு. துரு ஒரே சீராக அரிப்பதில்லை, புள்ளிப் புள்ளியாகக் குழி தோண்டும். சர்வேயர் (படகைச் சோதித்து அறிக்கை தருகிறவர்) படகை டிரை டாக்கில் (தண்ணீரை வடித்துப் படகின் அடியைப் பார்க்கும் இடத்தில்) ஏற்றவைத்து, தாரைச் சுரண்டி, சுத்தியலால் தட்டி, அல்ட்ராசோனிக் கருவியை இடம் இடமாக வைத்துத் தடிமனை அளப்பார். 4 மி.மீ.க்குக் கீழே இறங்கிய இடம் இருந்தால் பல காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்பதில்லை. மேலே புதுத்தகடு பற்றவைக்கும் செலவு பல ஆயிரம் பவுண்டு. சான்றிதழ் இருக்கிறதே என்று விற்கிறவர் காட்டுவார். அந்தப் பாதுகாப்புச் சான்றிதழ் கேஸ், மின்சாரம், தீ பற்றியது, அடித்தகட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. தண்ணீருக்கு வெளியே எடுத்துப் பார்க்க விடமாட்டேன் என்று சொல்கிறவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். சர்வேயரை நீங்களே தேர்ந்தெடுங்கள், விற்கிறவர் சொல்லும் ஆள் வேண்டாம்.

அகலப் படகா, ஒல்லிப் படகா என்று கேட்பார்கள். ஒல்லிப் படகு ஏழு அடிக்குள் இருக்கும். மிட்லண்ட்ஸ் பகுதியின் பழைய லாக்குகளுக்குள் அதுதான் நுழையும். லண்டனை விட்டு எங்கும் போகமாட்டேன் என்று உறுதியாக இருந்தாலொழிய அகலப் படகை எடுக்காதீர்கள்.

உயிருக்கு ஆபத்து எங்கே

லாக்கில் இறங்கும்போது ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது. மேல்வாசல் கதவுக்கு உட்புறம், தண்ணீருக்கடியில், கல்லாலோ கான்கிரீட்டாலோ ஒரு திட்டு நீட்டிக்கொண்டிருக்கும். மதகைத் திறந்து தண்ணீர் வடியும்போது படகின் பின்பகுதி அந்தத் திட்டின் மேல் மாட்டிக்கொண்டால், முன்பகுதி மட்டும் இறங்கி, படகு மூக்குக் குத்தி, நிமிடங்களில் மூழ்கிவிடும். அது எதுவரை நீளுகிறது என்று லாக்கின் ஓரச்சுவரில் வெள்ளைக்கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டுக்கு முன்னாலேயே படகை வைத்திருங்கள். மதகைத் திருகுகிறவர் படகிலேயே கண்ணாக இருக்க வேண்டும், போனில் பேசிக்கொண்டே செய்கிற வேலை இல்லை இது. சந்தேகம் வந்தால் உடனே கீழ் மதகை மூடுங்கள்.

அடுத்தது கார்பன் மோனாக்சைடு. படகிலும் வேனிலும் ஒன்றுதான். மணமில்லை, நிறமில்லை, தூக்கத்திலேயே கொன்றுவிடும். படகில் 2019 ஏப்ரலிலிருந்து அலாரம் பாதுகாப்புச் சான்றிதழுக்கே கட்டாயம். வேனில் யாரும் கட்டாயப்படுத்தமாட்டார்கள், நீங்களாக வாங்கி மாட்டுங்கள். குளிருக்கு கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் கைகாய்வது, காற்றுத் துளையைத் துணி வைத்து அடைப்பது இரண்டும் கூடவே கூடாது.

யார் எதை எடுக்கலாம்

முதலில் விசா. மாணவர் விசா, வேலை விசாவில் இருப்பவர் தங்குமிட முகவரியைப் பதிவில் சரியாக வைத்திருக்க வேண்டும். இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை கையில் வரும்வரை இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. மாதம் இருநூறு முந்நூறு மிச்சம் பிடிக்கப் போய் அதைவிடப் பெரியதைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. பள்ளி வயதுப் பிள்ளை இருந்தால், முகவரியை வைத்துத்தான் பள்ளியில் இடம். நிலையான குடியிருப்புத் துறை கிடைத்தாலன்றி படகும் ஒத்துவராது. டாக்டரிடம் பதிய முகவரிச் சான்று கட்டாயமில்லை. ஓட்டுப் போடவும் நிலையான முகவரி இல்லாதவர்களுக்குத் தனிப் படிவம் உண்டு. வங்கிக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் மட்டும் தபால் வந்துசேர ஒரு நம்பகமான இடம் வேண்டும்.

வேலையிடம் அடிக்கடி மாறுகிறதா, இன்று ரெடிங், அடுத்த மாதம் பர்மிங்காமா? ஓரிரு ஆண்டு பல்லைக் கடித்துக்கொண்டு சேமித்து வீட்டுக்கு முன்பணம் கட்டுவது குறியா? வேன். விற்கவும் சுலபம், ஒரு வாரத்தில் கைமாறிவிடும்.

வேலை லண்டனில் நிலையாக இருக்கிறது, விசாத் தொல்லை தீர்ந்தது, மூன்று நான்கு ஆண்டாவது இருப்பேன், கையில் எண்ணெயும் கரியும் படிவதில் வெட்கமில்லை என்கிறவர் படகை எடுங்கள். நான் சாய்வது இந்தப் பக்கம்தான். வேன்காரர் ஒவ்வொரு மாலையும் நிற்கும் இடத்தைத் தேடுவதிலேயே மனசை இழக்கிறார், அந்தக் களைப்பை எந்த அழகான கட்டிலும் தீர்க்காது. படகுக்காரருக்கு அந்தத் தேடல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான். ஆனால் கையிருப்பு முழுவதையும் படகு விலையில் போட்டுவிடாதீர்கள். குறைந்தது பத்தில் ஒரு பங்கை முதலாண்டு ரிப்பேருக்கென்று தனியே வைத்திருங்கள், வைக்க முடியாவிட்டால் சின்னப் படகாகப் பாருங்கள்.

கையெழுத்துப் போடுமுன் ஜனவரி, பிப்ரவரியில் ஒரு வாரம் இரண்டையும் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். குளிர்காலத்திலும் படகு தரும் கம்பெனிகள் உண்டு, கோடையைவிட வாடகை குறைவு. லீவு போட்டுச் சுற்றக் கூடாது. அங்கிருந்தே வேலைக்குப் போய்வாருங்கள், தினமும் சமையுங்கள், துணி காயப்போடுங்கள், கேசட்டை நீங்களே கொட்டுங்கள். வேன் வாரத்தில் ஏழு இரவும் ஏழு வெவ்வேறு தெருவில் நிறுத்துங்கள், கேம்ப் சைட் வேண்டாம். கணவன் மனைவியாகப் போகிறீர்கள் என்றால் இருவரும் சேர்ந்தே அந்த வாரத்தை இருந்து பார்க்க வேண்டும், முடிவையும் தனித்தனியே எழுதி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் படகுதான் என்றால், சர்வேயருக்குப் போன் போடுங்கள். டிரை டாக்கில் இடம் கிடைக்கச் சில வாரம் காத்திருக்க வேண்டிவரும், அதுவரை விற்கிறவருக்கு முழுப்பணம் கொடுத்துவிடாதீர்கள்.